அகர முதலாய வரிசை: தமிழ்ச் சொற்களை ஒழுங்குபடுத்திய வரலாறு

தமிழருக்கு அகராதியைத் தந்தவர்கள் மேனாட்டு மிஷனெரிமாரே என்னும் கூற்று நம் சபைகளின் ஆண்டுவிழா மலர்களிலும் நூற்றாண்டு நினைவுரைகளிலும் அடிக்கடி இடம்பெறுகிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரங்களில் ஊழியம் செய்யும் நமக்கு இக்கூற்று தனிப் பற்றுடையது. பூந்தமல்லியிலிருந்து கோட்டையை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலை வேப்பேரிக்கு அருகே செல்கிறது. அந்த வேப்பேரி மிஷன் அச்சகத்திலன்றோ பப்ரிசியுஸ் ஐயரின் அகராதியும், அவருக்குப் பின் ரோட்லர் ஐயரின் அகராதியும் அச்சேறின! ஆயினும், முன்னோர்மீது நாம் கொண்ட மதிப்பு வரலாற்றை மிகைப்படுத்த நமக்கு உரிமை தருவதில்லை. அவர்கள் செய்தது என்ன, செய்யாதது என்ன என்று பிரித்தறிவதே அவர்களுக்கு நாம் செய்யும் நியாயமாகும்.

முதலாவது, வரிசை என்பது தமிழில் மிகப் பழமையானது. தொல்காப்பியம் தன் முதல் நூற்பாவிலேயே அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் முப்பது எழுத்துகளை வகுத்துச் சொல்கிறது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. சார்ந்து வருவன வேறு. இவ்வரிசையின் கடைசியில் நிற்கும் ழ, ள, ற, ன என்னும் நான்கையும் மாணவர் உற்றுநோக்க வேண்டும். வல்லினமும் அதற்கு இனமான மெல்லினமுமாக இணையிணையாய்ச் செல்லும் வரிசை மகரத்தோடு நிற்க, இடையினம் நான்கு தொடர்ந்து வர, தமிழுக்கே சிறப்பான ஒலிகள் இறுதியில் தனியே வைக்கப்பட்டுள்ளன. றகரமும் னகரமும் இணையாயினும் அவை மற்ற இணைகளோடு சேர்க்கப்படவில்லை. இக்கடைசி நான்கு எழுத்துகள் நம் காலத்தில் எவ்வாறு இடம்பெயர்ந்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

எழுத்துக்கு வரிசை இருந்தும், சொற்களைத் தொகுத்தவர்கள் நெடுங்காலம் அவ்வரிசையைக் கையாளவில்லை. நிகண்டுகள் பொருளின் வரிசையைப் பின்பற்றின. திவாகரம் பன்னிரு தொகுதிகளை உடையது, தெய்வப் பெயர்த்தொகுதி முதலில் நிற்கும், மக்கட்பெயர் அடுத்து, விலங்கு, மரம், இடம் என்று அது படிப்படியாக இறங்கும். பிங்கலந்தை வானத்தில் தொடங்கி வானவர்க்கும், ஐயர்க்கும், பின்னர் அவனிக்கும் வரும். இது சொற்பட்டியல் மட்டுமன்று. உலகம் எவ்வாறு அமைந்துள்ளது, அதில் எது உயர்ந்தது, எது அதற்கு அடுத்தது என்னும் ஒரு கொள்கையின் வடிவமுமாகும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைப் படித்த நமக்கு இத்தகைய வரிசை அந்நியமாகத் தோன்றலாகாது.

நிகண்டு கண்ணால் தேடுவதற்காக இயற்றப்பட்டதன்று. வாயால் ஓதி மனத்தில் பதிப்பதற்காக இயற்றப்பட்டது. திண்ணைப் பள்ளியில் சிறுவன் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தான். தேவை வந்தபோது செய்யுள் தானே நாவில் எழுந்தது. மண்டலபுருடர் பதினாறாம் நூற்றாண்டில் இயற்றிய அந்நூலின் பதினோராம் தொகுதியில், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் இடத்தில், ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தைக் கொண்டு சொற்கள் வரிசைப்படுத்தப்பட்டன. முதலெழுத்தை விட்டு இரண்டாம் எழுத்தைப் பிடிப்பது இன்று நமக்கு விந்தையாகப் படலாம். செய்யுள் இயற்றுவோனுக்கோ அதுவே இயல்பு. அவனுக்கு வேண்டியது எதுகை. எழுத்து வரிசை தமிழ்ச் சொற்றொகுதிக்குள் நுழைந்தது இந்தப் பக்கவாயில் வழியாகவே.

முன்வாயிலைத் திறந்தவர் புலியூர்ச் சிதம்பர இரேவண சித்தர். அவர் 1594-இல் இயற்றிய நூலின் பெயரே அகராதி நிகண்டு என்பதாகும். அகரம் ஆதியாகச் சொற்களை நிறுத்தியமையால் அப்பெயர் பெற்றது. இன்று நாம் எந்த மொழியின் சொற்கோவையையும் அகராதி என்றே வழங்குவதற்கு மூலம் இதுவே. முதலெழுத்தின் அளவில் அவர் வரிசை செய்தார். சொல்லின் உள்ளே சென்று அடுத்தடுத்த எழுத்துகளையும் அவ்வாறே நிறுத்தவில்லை. ஆண்டைக் கவனிக்க: சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியது 1706, அதற்கு 112 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சைவச் சான்றோர் இச்செயலைச் செய்து முடித்திருந்தார். எனவே, தமிழில் அகரவரிசையை மிஷனெரிமார் புகுத்தினர் என்று இனி நம் மேடைகளில் சொல்லாதிருப்போமாக.

எழுத்து வரிசையை ஏற்கத் தயங்கியது தமிழ் மட்டுமன்று. மேனாட்டுத் திருச்சபையும் நெடுங்காலம் தயங்கிற்று. இறைவன் படைத்த உலகிற்கு ஓர் ஒழுங்கு உண்டு, நூலும் அவ்வொழுங்கைப் பின்பற்றுவதே தகுதி என்று இடைக்கால ஆசிரியர் பலர் எண்ணினர். பதினோராம் நூற்றாண்டில் பப்பியாஸ் என்பார் இலத்தீன் சொற்கோவை ஒன்றை எழுத்து வரிசையில் அமைத்தார். 1286-இல் ஜெனோவா நகரத்து யோவான் பால்பி தம் கத்தோலிக்கோன் என்னும் பெருநூலின் முகப்பில், எச்சொல் எச்சொல்லுக்கு முன் நிற்கும், ஏன் நிற்கும் என்று எடுத்துக்காட்டுகளோடு விரித்துரைக்க வேண்டியதாயிற்று. படிப்பவருக்கு அது அவ்வளவு புதியதாய் இருந்தது. இவ்விருவருக்கும் இடையில், ஏறத்தாழ 1230-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பாரிஸ் நகரத்துத் தொமினிக்கத் துறவியர் சேன்ஷேர் ஊரினரான ஹியூகோவின் தலைமையில் இலத்தீன் வேதாகமத்திற்கு ஒத்தவாக்கிய அகராதியைத் தொகுத்தனர். வசன எண்கள் அப்போது இல்லை. ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு கூறாக்கி எழுத்துகளால் குறித்தனர். பிரசங்கம் ஆயத்தம் செய்வோரின் மேசையிலிருந்தே மேனாட்டின் அகரவரிசை வலுப்பெற்றது என்பதை நம் மாணவர் நினைவில் கொள்ளலாம்.

வேதாகமத்திற்குள்ளேயே எழுத்து வரிசை உண்டு. 119-ஆம் சங்கீதம் எபிரெய எழுத்துகள் இருபத்திரண்டின் வரிசையில், எழுத்துக்கு எட்டாக 176 வசனங்கள் கொண்டது. நம் மொழிபெயர்ப்பில் அவ்வமைப்பு மறைந்துவிடுகிறது. மறையாமல் தமிழாக்க வழியுமில்லை. புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் அத்தகையனவே. ஆனால், முதல் அதிகாரத்தில் ஆயின் என்னும் எழுத்து பே என்பதற்கு முன் வர, இரண்டு, மூன்று, நான்காம் அதிகாரங்களில் பே முன்னும் ஆயின் பின்னுமாக நிற்கின்றன. ஏடெழுதியவரின் பிழை என்று இதை முற்காலத்தில் தள்ளினோர் உண்டு. 1976-இல் இஸ்ரவேல் நாட்டில் இஸ்பத் சர்த்தா என்னும் இடத்தில் கிடைத்த பழைய மட்கல ஓட்டில் எழுத்துப் பயிற்சியாக எழுதப்பட்ட வரிசையிலும் பே முந்தி நிற்கிறது. ஆகவே, இருவேறு வரிசைகள் வழக்கில் இருந்தன என்று கொள்வதே பொருந்தும். எழுத்து வரிசையும் மனிதர் கூடி ஒப்புக்கொண்ட ஏற்பாடேயன்றி வானத்திலிருந்து இறங்கியதன்று.

இனித் தமிழுக்குத் திரும்புவோம். இயேசு சபைக் குருவாகிய அந்தாவோ தெ புரோவென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679-இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சிடப்பட்டது. அவரோ 1666-இலேயே மரித்துப் போயிருந்தார். 16,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அந்நூலின் படியை வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966-இல் கோலாலம்பூரில் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டவர் தனிநாயக அடிகள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்த இரண்டொரு ஆண்டுகளில் பேச்சுவழக்குச் சொற்கள் ஏறத்தாழ இருபதாயிரத்தைத் தொகுத்தார். செய்யுட் சொற்களுக்குத் தனித் தொகுதியும் செய்தார். அவை அச்சேறவில்லை.

அகரவரிசையை முழுமையாக்கிய பெருமை வீரமாமுனிவருக்கு உரியது. அவர் நம் லுத்தரன் முன்னோரோடு கடுமையாக வாதிட்டவர்; அதனால் அவரைப் பாராட்டும்போது நம் நூல்கள் சில சற்றே குரலைத் தாழ்த்திக்கொள்வதுண்டு. அதற்குத் தேவையில்லை. அவர் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகமல்லவா? 1732-இல் அவர் முடித்த சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளால் ஆயது. பெயரகராதி ஒரு சொல்லின் பல பொருளையும், பொருளகராதி ஒரு பொருளின் பல பெயரையும் தரும். தொகையகராதி எண்ணுத்தொகைகளை விரிக்கும். தொடையகராதி எதுகை தேடும் புலவனுக்கு உதவும். நிகண்டு செய்த பணிகள் எதையும் அவர் கைவிடவில்லை. ஒவ்வொன்றையும் எழுத்து வரிசைக்குள் கொண்டுவந்தார். முதலெழுத்தோடு நில்லாது இரண்டாம், மூன்றாம் எழுத்துகளுக்கும் வரிசை பார்த்தார். அந்நூல் ஏட்டிலேயே பரவி, 1824-இல் சென்னையில் அச்சாயிற்று.

அவரோடு தொடர்புடைய இன்னொரு சீர்திருத்தம் இங்கே முக்கியமானது. முன்பு எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் புள்ளி ஒன்றாலேயே வேறுபட்டன; ஓலையில் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவது வழக்கம். எழுத்தே வேறுபடாதபோது வரிசை எவ்வாறு வேறுபடும்? எரியும் ஏரியும் கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுமிடத்தில் அகராதி தடுமாறும். நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்தவர் வீரமாமுனிவரே என்பது மரபு. மேனாட்டு மொழிகள் பலவற்றில் இச்சிக்கல் வேறுவகையில் தீர்க்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் டச்சு மொழியிலிருந்து கிளைத்த ஆபிரிக்கான்ஸ் மொழியில் உயிரெழுத்தின்மேல் கூரைக்குறியும் இரட்டைப் புள்ளியும் இடுவர். எனினும் அகராதியில் வரிசை பார்க்கும்போது அக்குறிகள் இல்லாததுபோலவே பாவிப்பர். தமிழோ குறிலையும் நெடிலையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறது. இது சிறு வேற்றுமையாகத் தோன்றினும் இதன் விளைவு பெரிது. அதை ஆவடியில் காண்போம்.

வேப்பேரியின் பணிக்கு வருவோம். 1761-இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைப்பட்டபோது அங்கிருந்து எடுத்துவரப்பட்ட அச்சுப்பொறி வேப்பேரி மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. அதில்தான் பப்ரிசியுஸ், பிரெய்தாவுப்ட் என்னும் இருவரின் உழைப்பாகிய தமிழ்–ஆங்கில அகராதி 1779-இல் வெளிவந்தது. ஆங்கில–தமிழ்ப் பகுதி 1786-இல் வந்தது. அந்நாள்களில் பப்ரிசியுஸ் கடன்சிக்கலில் அகப்பட்டுச் சிறைவாசமும் அனுபவித்தார் என்பது நம் சபை வரலாற்றின் துயரமான பக்கம். அவர் அகராதி தரங்கம்பாடியில் 1897-இலும் 1972-இலும் திருத்திப் பதிப்பிக்கப்பட்டு இன்றும் பயன்படுகிறது. அதில் தலைச்சொல் அகரவரிசையில் நிற்க, அதிலிருந்து பிறந்த தொடர்களும் கூட்டுச்சொற்களும் அதன் கீழே ஒரு குடும்பமாகத் தொகுக்கப்பட்டிருக்கும். கடன் என்பதன் கீழ்க் கடன்காரனையும் காணலாம்.

இம்முறைக்கும், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நிறுத்தும் முறைக்கும் உள்ள வேற்றுமையில் ஒரு கொள்கை அடங்கியிருக்கிறது. கண்டிப்பான அகரவரிசை, மொழி அறியாதவனுக்கும் வழி காட்டுவதாகச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் வந்தான் என்னும் சொல்லைப் படித்த அந்நியன் அகராதியில் வகரத்தைப் புரட்டினால் அது கிடைக்காது. அது வா என்பதிலிருந்து வந்தது என்று அறிந்தவனுக்கே அகராதி கதவைத் திறக்கும். அகராதி ஆசானுக்கு மாற்றாகாது என்பதைப் பப்ரிசியுஸ் அறிந்திருந்தார் என்றே அவர் அமைப்பைப் பார்க்கையில் நமக்குத் தோன்றுகிறது.

பின்வந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். ரோட்லரின் அகராதியின் முதற்பகுதி 1834-இல் வெளிவந்தது. 1836-இல் அவர் மரிக்கவே, வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் 1841-இல் முடித்தனர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் 1842-இல் மானிப்பாயில் வெளியிட்ட அகராதி, தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் தந்தது. சந்திரசேகர பண்டிதரின் உழைப்பு அதில் பெரிது. யோசேப்பு நைட் தொடங்கிய இன்னொரு தொகுப்பு பல கைகள் மாறி, 1862-இல் வின்ஸ்லோவின் பேரகராதியாகச் சென்னையில் அச்சாயிற்று; சொற்கள் 67,452. இராமாநுச கவிராயர் முதலிய புலவர்கள் இன்றி அது நிறைவேறியிராது. வின்ஸ்லோ 1864-இல் தாயகம் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் மரித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913-இல் சாந்திலர் என்னும் மதுரை அமெரிக்க மிஷன் ஊழியரின் தலைமையில் தொடங்கி, வையாபுரிப் பிள்ளையின் பதிப்பாசிரியப் பொறுப்பில் 1936-இல் ஆறு தொகுதிகளாக முற்றுப்பெற்றது. பாவாணர் அகராதி என்னும் சொல்லையே விடுத்து அகரமுதலி என்றார். அவர் வகுத்த சொற்பிறப்பியல் பேரகரமுதலிக்கான அரசுத்திட்டம் 1974-இல் தொடங்கிற்று.

இவ்வளவும் சொன்னபின், மிஷனெரிமார் கொண்டுவந்த புதுமை யாது என்று கேட்டால், அது வரிசையன்று. வரிசைக்குள் அடங்க மறுத்த சொற்களே என்போம். வேதாகமம் தமிழில் வந்தபோது எபிரெய, கிரேக்கப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் உடன்வந்தன. தமிழ்ச்சொல் ரகரத்திலும் லகரத்திலும் தொடங்காது. ரோமருக்கு எழுதின நிருபத்தை ரகரத்தில் தேடுவதா, உரோமர் என்று உகரத்தில் தேடுவதா? லூக்கா எங்கே நிற்பார்? கிரந்த எழுத்துகளைச் சில தொகுப்பாளர் இனமான எழுத்தை அடுத்தும், சிலர் னகரத்திற்குப் பின் மொத்தமாகவும் வைத்தனர். கிறிஸ்து என்று எழுதினால் ஓரிடம். கிறித்து என்று எழுதினால் வேறோரிடம்.

நம் ஆண்டவரின் திருநாமத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் இயேசு என்கிறோம், இகரத்தில் நிற்கிறது. யேசு என்று எழுதினோர் யகரத்திற்குக் கொண்டுபோயினர். ஏசு என்போர் ஏகாரத்திலும், பழைய கத்தோலிக்க வழக்கைப் பின்பற்றிச் சேசு என்போர் சகரத்திலும் வைத்தனர். ஒரே பெயர் நான்கு இடங்களில் சிதறிக் கிடந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய கத்தோலிக்க நூலொன்றின் சொல்லடைவைத் திறந்து, தான் அறிந்த எழுத்தில் தேடிய புராட்டஸ்தாந்து வாசகன் ஆண்டவரின் பெயரை அங்கே காணாது மூடியிருப்பான், மறுதலையும் அவ்வாறே. நம் சபைப் பிரிவினைகள் உபதேச நூல்களில் மட்டுமன்றி அகரவரிசையிலும் பதிந்திருந்தன. இருதிறத்தாரும் கூடி உழைத்து 1995-இல் வெளியிட்ட திருவிவிலியத்தில் இயேசு என்னும் ஒரே வடிவம் நின்றது. அம்மொழிபெயர்ப்பின் பிற சொற்களைப்பற்றி நம்மிடையே கருத்துவேறுபாடு இருக்கலாம். இந்த ஓரிடத்தில் அது செய்த நன்மையை மறுக்கவியலாது.

நிகண்டின் வரிசை கைவிடப்பட்டதில் இழப்பும் உண்டு, விடுதலையும் உண்டு. அகராதியில் தெய்வத்திற்கு முதலிடம் இல்லை. கடலைக்குப் பின்னரே கடவுள் வருகிறார். இது பக்தியுள்ளவர் சிலருக்கு மனவருத்தம் தரலாம். ஆனால், அதே வரிசையில் அடிமை அரசனுக்கு முன் நிற்கிறான். குலமும் பதவியும் பார்த்து மனிதரை அடுக்கிய சமுதாயத்தில், எழுத்து ஒன்றையே பார்த்து அடுக்கிய ஏடு, ஆலய அங்கத்தினர் பதிவேடாக நம் சபைகளுக்குள் வந்தது சிறிய காரியமன்று.

அப்பதிவேடுகளே இன்று நம் பொறுப்பு. அம்பத்தூர், ஆவடித் தொழிற்சாலைகளை நம்பிப் பல மாவட்டங்களிலிருந்து குடியேறிய குடும்பங்களால் நம் சபைகள் பெருகின. ஒரே பெயரை ஒருவர் ஐயாத்துரை என்றும் மற்றவர் அய்யாத்துரை என்றும் எழுதுகிறார்; முன்னவர் ஐகாரத்திலும் பின்னவர் அகரத்திலும் நிற்கிறார். 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணை, றா முதலிய எழுத்துகளின் வடிவத்தை மாற்றியதேயன்றி, பெரியார் விரும்பியவாறு ஐகார ஔகாரங்களை நீக்கவில்லை. ஆகவே வரிசை மாறவில்லை, எழுதுவோர் வழக்கமோ இரண்டாகவே இருக்கிறது. மேலும், பதிவேடுகள் பலவிடத்தும் ஆங்கிலத்திலே எழுதப்படுகின்றன. உரோம எழுத்தில் அம்பத்தூர், ஆவடி, அயப்பாக்கம் என்பதே வரிசை. அங்கே அகரமும் ஆகாரமும் ஒரே எழுத்து. தமிழில் அம்பத்தூர், அயப்பாக்கம், ஆவடி என்றே நிற்கவேண்டும். ஒரு சபையின் கிளைகளை இருவகையாக வரிசைப்படுத்திய இரு பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்க்கு இதன் தொல்லை தெரியும்.

கணினியோ இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. உலகப் பொதுக் குறியீடாகிய யூனிக்கோடில் தமிழ் எழுத்துகள் தேவநாகரியின் அடுக்கைப் பின்பற்றி வைக்கப்பட்டன. அதனால் னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும், ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முன்னும் அமர்ந்தன. தொல்காப்பியர் இறுதியில் வைத்த அந்த நான்கு எழுத்துகளே இவை! தமிழ் வரிசைக்கான விதிகளை அறிந்த மென்பொருள் இதைச் சரிசெய்துகொள்ளும். அறியாத மென்பொருள் குறியீட்டு எண்ணைப் பார்த்தே அடுக்கும். அந்திரேயா, அப்பாத்துரை, அருளப்பன், அழகுமணி, அற்புதம், அன்பையா என்று நிற்கவேண்டிய அங்கத்தினர், அந்திரேயா, அன்பையா, அப்பாத்துரை, அருளப்பன், அற்புதம், அழகுமணி என்று மாறி நிற்பர். புள்ளியெழுத்தும் அவ்வாறே பின்தள்ளப்பட்டு, அகத்திற்கு முன் வரவேண்டிய அக்காள் பின்னே போவாள். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிக்கோடோடு, எழுத்துகள் தமிழ் வரிசையிலேயே அமைந்த வேறொரு குறியீட்டையும் ஏற்றது. ஆயினும் நம் சபை அலுவலகங்களில் வழங்குவது யூனிக்கோடே.

தேர்தல் காலத்தில் வாக்காளர் பட்டியலை ஆலய வாயிலில் ஒட்டுகிறோம். அன்பையா என்னும் முதியவர் பட்டியலின் கடைசிப் பகுதியில் தம் பெயரைத் தேடுகிறார். ஏனெனில் அவர் பள்ளியில் கற்ற வரிசை அது. அங்கே காணாமல், தம் பெயர் விடுபட்டது என்று எண்ணி வீடு திரும்புகிறார். பெயரோ இரண்டாம் இடத்தில் இருக்கிறது. பட்டியலை ஒட்டுமுன் அகரப் பகுதியையும் னகரம் வரும் இடங்களையும் ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்துவதற்குக் கால்மணி நேரம் போதும்.